இட்லி மாவின் கொரியச் சொந்தம்

சென்னையில் ஒரு மே மாதம் முதன்முறையாகக் கிம்ச்சி போட்டேன். காணொளியில் ஒரு கொரிய அம்மா சொல்லித் தந்ததை வரி பிசகாமல் பின்பற்றினேன். கோஸை உப்பில் ஊறவைத்து, மிளகாய் விழுது தடவி, கண்ணாடி ஜாடியில் கழுத்துவரை அடைத்து, சமையல் மேடையில் விட்டுவைத்தேன். இரண்டு நாள் வெளியே இருக்கட்டும் என்றிருந்தார் அவர். இரண்டாம் நாள் காலையில் மேடை முழுக்கச் சிவப்புத் தண்ணீர். மூடியைத் தொட்டதும் புஸ்ஸென்று நுரை. ஒரு துண்டை வாயில் போட்டால் பல் கூசும் புளிப்பு. பெரியம்மா வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னடா இது, பொங்கி வழிஞ்ச இட்லி மாவு மாதிரி வாசனை வருது" என்றார்.

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அவர் மூக்கு ஆளைச் சரியாகவே அடையாளம் கண்டிருந்தது. இட்லி மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிர்களில் முக்கியமானது லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா. கிம்ச்சி ஜாடியில் முதலில் வேலையைத் தொடங்குவதும் அதுவும் அதன் பங்காளிகளும்தான். இதை யாரும் கடையில் வாங்கிப் போடுவதில்லை. இங்கே உளுந்தோடு வந்துவிடுகிறது. அங்கே கோஸ் இலையிலும் பூண்டிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

கிம்ச்சி என்ற சொல்லுக்கு மூலம் 'சிம்ச்சே' என்பார்கள். அமிழ்த்திவைத்த காய் என்று பொருள். நம்முடைய ஊறுகாயும் ஊறிய காய்தானே! பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு வேறு வேலை. ஆவக்காயில் உப்பும் மிளகாயும் எண்ணெயும் சேர்ந்து எந்தக் கிருமியையும் தலைதூக்க விடுவதில்லை. வருஷம் கழித்துத் திறந்தாலும் ஏறக்குறைய அதே ஊறுகாய்தான். கிம்ச்சியில் உப்பு 2 முதல் 3 சதவீதம்தான். எல்லாரையும் விரட்ட அது போதாது. ஆள் பார்த்து உள்ளே விட அது போதும். அழுகவைக்கும் பாக்டீரியாக்கள் பலவும் அந்த உப்பில் சோர்ந்துபோகின்றன. லாக்டிக் அமிலம் தயாரிக்கும் கூட்டம் தாக்குப்பிடிக்கிறது. அதனால் கிம்ச்சி போட்ட அன்று ஒரு ருசி, நாலாம் நாள் ஒரு ருசி, இரண்டு மாதம் கழித்து வேறொரு ருசி. ஜாடிக்குள் ஆட்சி மாறிக்கொண்டே இருக்கிறது.

முதல் வேலை உப்பு. கொரியாவில் பேச்சு என்று சொல்லும் நீளமான சீனக் கோஸில் சுமார் 95 சதவீதம் தண்ணீர்தான். அதை நாலாகப் பிளந்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் கல் உப்பு என்ற கணக்கில் கரைத்த நீரில் ஆறேழு மணி நேரம் அமிழ்த்தி வைக்கிறார்கள். வெளியே உப்பு அதிகம், செல்லுக்குள் குறைவு. ஆகவே செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் சவ்வைத் தாண்டி வெளியே வருகிறது. காற்று இறங்கிய பந்துபோல ஒவ்வொரு செல்லும் விறைப்பை இழக்கிறது. பதம் பார்க்க ஒரு வழி: அடியிலுள்ள தடித்த வெள்ளைத் தண்டை வளைத்துப் பாருங்கள். சடக்கென்று ஒடிந்தால் இன்னும் ஊற வேண்டும். ஒடியாமல் ரப்பர்போல வளைந்தால் சரி. அப்புறம் இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, நன்றாக வடியவிட வேண்டும். அலசுவதில் சோம்பல் பட்டால் உப்புக் கரிக்கும். வடியவிடுவதில் சோம்பல் பட்டால் விழுது நீர்த்து, கணக்கிட்ட உப்பும் குறைந்துபோகும்.

செல்களின் பிடி தளர்ந்ததில் இன்னொரு லாபம் உண்டு. கோஸுக்குள் இருக்கும் குளுக்கோஸும் பிரக்டோஸும் இனிச் சாறோடு கசிந்து வெளியே வரும். பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு.

மசாலா விழுதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எனக்கென்னவோ அது இரண்டாம்பட்சம். அரிசி மாவுக் கஞ்சி, மிளகாய்த்தூளை இலையில் பிடிக்கவைக்கும் பசை. நெத்திலியையும் இறாலையும் உப்பிலிட்டு ஊறவைத்த சாறு, குளூட்டமேட் என்ற அமினோ அமிலத்தின் வழியாகக் குழம்புபோன்ற ஆழமான ருசி தருகிறது. கொச்சுகாரு என்ற கொரிய மிளகாய்த்தூள் நிறம் அதிகம், காரம் குறைவு. நம் குண்டு மிளகாயை அதே அளவு போட்டால் வாயில் வைக்க முடியாது; காஷ்மீரி மிளகாய் ஓரளவு ஒத்துவரும். மிளகாயே கொரியாவுக்கு 16-ஆம் நூற்றாண்டின் இறுதி வாக்கில்தான் வந்தது. அதற்கு முன்னால் வெள்ளையாகவே கிம்ச்சி போட்டார்கள். மிளகாய் சேர்க்காத பேக் கிம்ச்சி இன்றும் உண்டு. ஆகவே சிவப்பு இல்லாமலும் கிம்ச்சி உண்டு. உப்பும் பாக்டீரியாவும் இல்லாமல் கிடையாது.

ஜாடியில் அழுத்தி அடைக்கும்போது இடுக்கிலிருக்கும் காற்று வெளியேறி, அந்த இடத்தில் சாறு ஏறுகிறது. பூஞ்சைக்குக் காற்று வேண்டும், லாக்டிக் கூட்டத்துக்கு வேண்டாம். இங்கிருந்து லியூகோனோஸ்டாக்கின் ஆட்சி தொடங்குகிறது. சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் மட்டும் தருவதோடு இது நிற்பதில்லை. கூடவே கரியமில வாயுவும், கொஞ்சம் சாராயமோ அசிட்டிக் அமிலமோ விடுகிறது. பிரக்டோஸை மேனிட்டால் என்ற இலேசான இனிப்புப் பொருளாக மாற்றுகிறது. நல்ல பதத்திலுள்ள கிம்ச்சியைக் கடித்தால் நாக்கில் சுருக்கென்று ஒரு துள்ளல் தெரியும், சோடா குடித்ததுபோல. அந்தத் துள்ளல் இந்த வாயுவால் வருகிறது.

அதே பாக்டீரியா, அதே வாயு. பிறகு மாவு மட்டும் ஏன் பொங்குகிறது, கிம்ச்சி ஏன் பொங்குவதில்லை? அரைத்த உளுந்தின் கொழகொழப்பு ஒவ்வொரு குமிழையும் வலைபோலப் பிடித்துவைக்கிறது. குமிழ் வெளியேற முடியாமல் மாவு உயர்கிறது. கிம்ச்சியில் அப்படிப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை. வாயுவில் ஒரு பகுதி சாற்றில் கரைகிறது, மீதி மேலே ஓடிவிடுகிறது. குளிர்ந்த நீரில் வாயு அதிகம் கரையும். 20 டிகிரியில் கரைவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பூஜ்ஜியம் டிகிரியில் கரையும். என் சமையல் மேடையின் சூட்டில் அது கரைந்து நிற்கவா போகிறது? மூடியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது.

லியூகோனோஸ்டாக் தன் ஆட்சிக்குத் தானே குழி தோண்டுகிறது. அது உண்டாக்கும் அமிலம் சேரச் சேர அதற்கே தாங்குவதில்லை. அமிலத்தன்மையை அளக்கும் பி.ஹெச். எண் தொடக்கத்தில் 5.5, 6 என்று இருக்கும். எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். 4.2 முதல் 4.5 வரை இருக்கும்போது பெரும்பாலானவர்களுக்குப் பிடித்த ருசி. 4-ஐ நெருங்கும்போது லியூகோனோஸ்டாக் ஒதுங்கிக்கொள்ள, புளிப்பைத் தாங்கும் லாக்டோபேசில்லஸ் வகைகள் மேலே வருகின்றன. இவற்றில் பிளாண்டாரம் போன்றவை சர்க்கரையைப் பெரும்பாலும் லாக்டிக் அமிலமாகவே மாற்றும். வாயு இல்லை, துள்ளல் இல்லை, வெறும் புளிப்பு. இந்தப் புளிப்பில் ஒரு பாதுகாப்பும் உண்டு. பி.ஹெச். 4.6-க்குக் கீழே போய்விட்டால், காற்றில்லா ஜாடிகளில் பயப்பட வேண்டிய பொட்டுலினம் கிருமி வளர்ந்து நஞ்சை உண்டாக்க முடியாது.

ஆட்சி எப்போது மாறும் என்பதை முடிவு செய்வது வெப்பநிலை. குளிரில் லியூகோனோஸ்டாக்கும், வைசெல்லா என்ற அதன் உறவும் மெதுவாக, ஆனால் நிற்காமல் வேலை செய்யும். சூட்டில் லாக்டோபேசில்லஸ் முந்திக்கொள்ளும். காணொளியில் வந்த அம்மாவின் சமையலறை 20 டிகிரி இருந்திருக்கும். என்னுடையது 35. அவருக்கு இரண்டு நாளில் நடப்பது எனக்கு ஓர் இரவில் நடந்துவிட்டது. அதுவும் வாயுவும் இனிப்பும் வரும் நல்ல காலம் சட்டென்று முடிந்து, நேரே புளிப்புக்குப் போய்விட்டது. செய்முறையில் நாள் கணக்கு எழுதுகிறவர்கள் வெப்பநிலையையும் சேர்த்து எழுதினால் புண்ணியமாகப் போகும்.

கொரியர்கள் இதைத் தெர்மாமீட்டர் வருவதற்கு முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள். நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கத்தில் அக்கம்பக்கத்தார் எல்லாம் கூடி, குளிர்காலம் முழுமைக்கும் வேண்டிய கிம்ச்சியைப் போடும் வழக்கத்துக்குக் கிம்ஜாங் என்று பெயர். 2013-இல் யுனெஸ்கோ அதைத் தென்கொரியாவின் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. 2015-இல் வடகொரியாவின் கிம்ச்சி மரபும் சேர்ந்தது. போட்ட கிம்ச்சியை ஓங்கி என்ற மண் ஜாடிகளில் நிரப்பிக் கழுத்துவரை மண்ணில் புதைத்தார்கள். ஜனவரியில் சியோலின் சராசரி வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே. வெளியே வைத்தால் உறைந்துவிடும், வீட்டுக்குள் வைத்தால் புளித்துவிடும். மண்ணுக்கடியில் வெப்பநிலை அதிகம் ஏறி இறங்காது. கிம்ச்சி உறையாமலும் அவசரப்படாமலும் அங்கே கிடக்கும்.

அப்புறம் எல்லாரும் அடுக்குமாடிக்குப் போனார்கள். புதைக்க மண் ஏது? 1984-இல் கிம்ச்சிக்கென்றே ஒரு குளிர்பெட்டியைக் கோல்ட்ஸ்டார் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது அவ்வளவாக எடுபடவில்லை. 1995-இல் வந்த டிம்ச்சே என்ற பெட்டிதான் வீடுதோறும் நுழைந்தது. மேல்பக்கம் திறக்கும் பெட்டி அது. குளிர்ந்த காற்று கனமானது, அடியிலேயே தங்கும். மூடியைத் திறந்தாலும் கொட்டிப்போகாது. நம் வீட்டு ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்தால் காலில் சில்லென்று படுகிறதே, அந்த இழப்பு இதில் இல்லை. உள்ளே வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியோ, ஒரு டிகிரி கீழேயோ நிற்கும். சாற்றில் உப்பு இருப்பதால் கிம்ச்சி உறைவதில்லை. புதைத்த ஜாடியை மின்சாரத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பாக்டீரியா உயிரோடு இருப்பது எல்லா இடத்திலும் வசதி அல்ல. 2008 ஏப்ரலில் கொரியாவின் முதல் விண்வெளி வீராங்கனை யி சோ-யியோன் விண்வெளி நிலையத்துக்குப் போனபோது கிம்ச்சியும் கூடப் போனது. மூடிய பொட்டலத்துக்குள் வாயு சேர்ந்துகொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு என் சமையல் மேடையே சாட்சி. அதனால் கதிர்வீச்சு பாய்ச்சி, பாக்டீரியா மொத்தத்தையும் கொன்றுவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

இப்போது நான் செய்வது இது. ஜாடியில் முக்கால் பங்குதான் நிரப்புகிறேன். அடியில் ஒரு தட்டு. மூடியை இறுக்குவதில்லை. வெயில் காலமென்றால் ஒரு பகல் அல்லது ஓர் இரவு வெளியே. ஜாடியின் ஓரத்தில் குமிழ் தெரிந்ததுமே ஃப்ரிட்ஜில், பின்பக்கச் சுவரை ஒட்டி. கோஸ் சாற்றுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தால் கரண்டியால் அமுக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் அங்கேதான் பூஞ்சை பிடிக்கும். ஒரு வாரத்தில் துள்ளலும் புளிப்பும் சேர்ந்து வருகின்றன. சீனக் கோஸ் கிடைக்காத நாளில் முள்ளங்கியைக் கட்டி கட்டியாக வெட்டிக் கக்துகி போடுகிறேன். அது கொரியர்களின் கிம்ச்சிதான், சமாளிப்பு அல்ல.

ஒன்றரை மாதம் தாண்டிய கிம்ச்சி பச்சையாகச் சாப்பிட ரொம்பப் புளிப்பு. கொரியர்கள் அதை வீணாக்குவதில்லை. ஜிகே என்ற கொதிக்கும் குழம்புக்குப் புதுக் கிம்ச்சியைவிடப் பழசுதான் வேண்டும் என்பார்கள். எண்ணெயில் முதலில் வதக்கி, மிளகாயின் நிறத்தை எண்ணெயில் இறக்கி, தண்ணீர் விட்டுக் கொதிக்கவிட்டு, டோஃபு போடுவார்கள். நானும் உருளைக்கிழங்கைச் சேர்த்துச் செய்தேன். அரை மணி நேரம் கொதித்தும் கோஸ் தண்டு நறுக்கென்றே இருந்தது. அது பரவாயில்லை, உருளைக்கிழங்கும் கல்லாக இருந்தது. பெரியம்மாவிடம் காட்டினேன். "புளி கரைச்சு ஊத்தினப்புறம் காயைப் போட்டா வேகுமா? இதுகூடத் தெரியாதா?" என்றார்.

தாவரச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின். சாதாரணத் தண்ணீரில் கொதிக்கும்போது அது உடைந்து கரைய, காய் மெத்தென்று ஆகிறது. பி.ஹெச். 4 அருகே அந்த உடைதல் மிக மெதுவாகிவிடும். ஆப்ப சோடா போட்டால் கொண்டைக்கடலை குழைந்துபோவது இதற்கு நேர் எதிர்ப்பக்கம்: அமிலம் குறைந்தால் பெக்டின் வேகமாக உடையும். சாம்பாரில் புளியும் ஜிகேயில் லாக்டிக் அமிலமும் செய்வது ஒரே வேலை. இப்போதெல்லாம் உருளைக்கிழங்கைத் தனியே முக்கால் பதம் வேகவைத்துவிட்டுத்தான் கிம்ச்சியோடு சேர்க்கிறேன்.