சூரைக்கு ஐஸ் குறைந்தது யாரால்?

நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் மறுபடியும் அதே பஞ்சாயத்து. சூரை சாப்பிட்ட விருந்தினருக்கு முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடிப்பு. கொள்முதல் பார்ப்பவர், மீன் தரும் படகுக்காரரைச் சொல்லி, ஒரே வரியில் முடித்தார்: "சம்மாட்டி ஏமாத்திப்போட்டான் சேர்." உணவுப் பாதுகாப்பு ஆலோசகன் என்று என்னைக் கூப்பிடுகிற இடமெல்லாம் இதே பாட்டுத்தான்.

ஐஸ் பற்றாத சூரையில், இப்படித் தடிப்பைக் கொண்டுவரும் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். உருவானால் உருவானதுதான், பொரித்தாலும் உறைய வைத்தாலும் போகாது. நம் வெயிலுக்கு மீனின் எடைக்குச் சமமாக ஐஸ் வேண்டும். இது சம்மாட்டிக்குத் தெரியாததா?

ஹோட்டல் போனைப் பார்த்தேன். இரவு 8 மணிக்கு, "நாளைக்கு 40 கிலோ." காலையில் மீன் வாசலுக்கு வந்த பிறகு, "20 போதும், விலையையும் குறையுங்கோ." காசு அடுத்த மாதம். மிச்ச மீனோடு கடை கடையாக அலைந்தவர் மறுநாள் எதில் மிச்சம் பிடிப்பார்? எண்ணெயைக் குறைத்தால் படகு கரை சேராது. ஐஸில்தான் கை வைப்பார்.

"அடிச்சுப் பேசி வாங்கினால்தான் லாபம்" என்கிற நினைப்பை எப்படித்தான் போக்குவதோ! கிலோவுக்கு 50 ரூபாய் குறைத்தீர்கள், சரி. பழுதென்று வெட்டி எறிந்த துண்டுக்கு என்ன விலை? மீன் வராத அன்று அவசரத்துக்குச் சந்தையில் கொடுத்த கூடுதல் காசு? அந்த விருந்தினர் இணையத்தில் எழுதப்போவது? கொள்முதல் பில்லில் இதில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் 50 ரூபாய் லாபம் மாதிரித் தெரிகிறது.

1980களின் கடைசியில் அமெரிக்கக் கடைத்தொடரான வால்மார்ட் தன் விற்பனைக் கணக்கையே, பாம்பர்ஸ் என்ற குழந்தை டயப்பர் செய்யும் பிராக்டர் அண்ட் கேம்பிளுக்குத் திறந்து காட்டியது. குழந்தைகள் நனைப்பது என்னவோ சீராகத்தான். கடைகளின் ஆர்டர்தான் தாறுமாறாக ஏறி இறங்கியது. உண்மைக் கணக்கு தெரிந்ததும் ஆலை அதற்கேற்ப அனுப்பியது, இரண்டு பக்கமும் சரக்குத் தேங்குவது குறைந்தது. உங்களுக்கு அவ்வளவு கணினி வேண்டாம், வாட்ஸ்அப் போதும்.

படகு ஐஸ் ஏற்றுமுன் நாளைய அறைக்கணக்கை அனுப்புங்கள். சீசனுக்கு ஒரு விலை வரம்பைப் பேசி முடியுங்கள். சொன்ன தேதியில் காசைக் கொடுங்கள். அப்புறம், பெட்டியைத் திறந்ததும் மீனின் நடுவில் தெர்மாமீட்டரைக் குத்துங்கள். 4 பாகைக்கு மேலென்றால் முகம் பார்க்காமல் திருப்பி அனுப்புங்கள். சம்மாட்டிமாரே, பிடிபடாத மீனை வருமென்று சொல்லி சமையலறையைக் காக்க வைக்காதீர்கள்.

கடல் அடங்கும் மாதங்களில்தான் நிலாவெளிக்கு ஆட்களும் வருகிறார்கள், வாடைக்காற்று தொடங்கினால் இரு பக்கமும் வருமானம் படுத்துவிடும். தயவுசெய்து இன்றைக்கே கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்கு ஒரு கோல் எடுத்து, படகு எத்தனை மணிக்கு ஐஸ் ஏற்றுகிறது என்று கேளுங்கள். நான் விசாரித்த கொள்முதல்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த நேரம் தெரியவில்லை.