சோற்றை விட்டாச்சு, சுகர் ஏன் இறங்கவில்லை?

"ராத்திரியில சோத்தைத் தொடுறதே இல்ல மேடம், டிபன்தான்." மதுரையில் நீரிழிவு நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்லும் எனக்கு இந்த வார்த்தை காதில் விழாத வாரமே கிடையாது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. பிடித்த சோற்றை நிஜமாகவே மாதக்கணக்கில் ஒதுக்கி வைத்திருப்பார், ஆனாலும் மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி ஒன்பதைத் தாண்டி நிற்கும், பெரும்பாலானவர்களுக்கு அது ஏழுக்குள் இருக்க வேண்டும் என்று டாக்டரும் சொல்லியிருப்பார், இவர் மனசு உடைந்து உட்கார்ந்திருப்பார். அப்போது நான் கேட்கிற முதல் கேள்வி, டிபன் என்றால் என்ன, எத்தனை?

அஞ்சு இட்லி, அப்புறம் பிள்ளைக்குச் சுடும்போது ஒரு தோசை. நடுத்தர அளவு இட்லி ஒன்றில் 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, ஒரு தோசைக்கு ஏறக்குறைய இரண்டு இட்லி மாவு போகிறது. கூட்டிப் பார்த்தால் 70, 80 கிராம் வந்துவிடும். வெந்த சோறு 100 கிராமில் இருப்பது சுமார் 28 கிராம்தான். ஆக, சோற்றைத் தொடாத அந்த ராத்திரியில் கால் கிலோ சோற்றுக்குமேல் உள்ளே போயிருக்கிறது. இட்லி அரிசியும் அரிசிதானே. கூடவே தேங்காய்ச் சட்னிதான் இருந்திருக்கும், காய் ஒன்றும் இருந்திருக்காது.

சப்பாத்திக் கதையும் இதேதான். கோதுமை மாவு 100 கிராமில் 64 கிராம் மாவுச்சத்து, பச்சரிசியில் 78. நார்ச்சத்து கோதுமையில் கூடுதல், அது நல்லதுதான், ஆனால் நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைத் தவிர்த்ததாக நினைத்தால் சுகர் பார்க்கும் மீட்டர் அதை ஒத்துக்கொள்ளாது. சாமை, வரகு எல்லாம் 65 பக்கம். அரிசியைவிட நிச்சயம் மேல், வாங்கிச் சமையுங்கள். ஆனால் "சிறுதானியம்தானே" என்று சோற்றைவிட இரண்டு கரண்டி அதிகம் போட்டுக்கொள்கிறார்களே, அதில்தான் வந்த லாபம் முழுவதும் போய்விடுகிறது. கேழ்வரகில் நாரும் கால்சியமும் நிறைய. ஆனால் அதையே நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி மடமடவென்று குடித்தால் மெல்லுகிற வேலையே இல்லை, சுகர் வேகமாக ஏறும். கேழ்வரகு அடையாக, முருங்கைக்கீரையும் வெங்காயமும் அள்ளிப் போட்டு ஒன்றோ இரண்டோ சாப்பிடுங்கள், கஞ்சி வேண்டாம்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மூன்றும் சுகரை ஏற்றும். அதேபோல 'சுகர் ஃப்ரீ' என்று அட்டையில் போட்ட பிஸ்கட்டும் பெரும்பாலும் மைதாவில் செய்ததுதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 'இந்தியாப்' (INDIAB) என்ற, 2023ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் கணக்கிட்டது. நம் மாநிலத்தில் 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது, அது பெரிய உதவி. ஆனால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு உட்காரும் தட்டில் என்ன அளவில் என்ன விழுகிறது என்று யாரும் வந்து பார்க்க முடியாது, அதை வீட்டில் இருப்பவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மதியச் சாப்பாட்டைப் பாருங்கள். நம் பழக்கம் சாம்பாருக்கு ஒரு தடவை சோறு, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. குழம்பு மாறுகிறதே தவிர மூன்று தடவையும் சோறுதான். பொரியலோ தட்டின் ஓரத்தில் தொட்டுக்கொள்ள ஒரு கைப்பிடி. நான் சொல்கிற முக்கியமான மாற்றம் இதில்தான் இருக்கிறது: குழம்புக்கு மட்டும் சோறு போட்டுக்கொள்ளுங்கள், ரசத்தை டம்ளரில் குடியுங்கள், மோரையும் டம்ளரில் குடியுங்கள். சோறு ஒரு கிண்ணம், சுமார் 150 கிராம் போதும். பொரியலும் கூட்டும் சேர்ந்து அதைவிடக் கூடுதலாக இருக்கட்டும், ஒரு முட்டையோ மீனோ பருப்போ சுண்டலோ கட்டாயம் வேண்டும். இதைச் சொன்னதும் "வயிறு நிறையுமா?" என்று கேட்பார்கள். காய் உண்மையிலேயே அந்த அளவுக்கு இருந்தால் நிறையும், இல்லாவிட்டால் நாலு மணிக்குப் பசி பிறாண்டும், கை மிக்சர் டப்பாவுக்குப் போகும்.

ஆலோசனை அறையில் ஒரு சின்னத் தராசு வைத்திருக்கிறேன். ஒரு பாத்திரத்தில் சோறும் இருக்கும். வீட்டில் போட்டுக்கொள்கிற மாதிரியே தட்டில் போடுங்கள் என்பேன். ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர், வீட்டம்மாவோடு வந்திருந்தார், "கொஞ்சூண்டுதான் மேடம்" என்று சொல்லிக்கொண்டே போட்டார். தராசில் 380 கிராம். அவர் முகம் மாறிவிட்டது. பக்கத்தில் இருந்த அந்த அம்மா, "நான் போடுற குழிக்கரண்டி பெருசும்மா, அவர் மேல தப்பில்ல" என்றார். அதன்பிறகு வீட்டில் கரண்டியை மாற்றினார்கள், வேறு பெரிய தியாகம் எதுவும் செய்யவில்லை. வீட்டில் தராசு இல்லையென்றால் கவலை வேண்டாம், ஒரு நடுத்தரக் கிண்ணத்தை எடுத்து இதுதான் என் அளவு என்று வைத்துக்கொண்டு அழுத்தாமல் நிரப்பினால் போதும்.

இனி அந்த அம்மாவைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் அவருக்கும் சுகர் உண்டு. அன்றைக்குத் தனக்குச் சீட்டு போடக்கூட அவருக்குத் தோன்றவில்லை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, மூன்று மணிக்குமேல், மிச்சம் இருக்கிற சோறும் ரசமும் ஊறுகாயும். பொரியல்? தீர்ந்துபோயிருக்கும். ராத்திரி எல்லாருக்கும் தோசை வார்த்து முடிக்கப் பத்து மணி ஆகும், பேரன் பாதியில் வைத்த தோசையும் ஓரம் கருகியதும் அவர் கணக்கு. சாப்பாட்டை வீணாக்கக்கூடாது என்று வளர்ந்தவர்கள் அவர்கள். இது ஒரு வீட்டுக் கதை இல்லை, என்னிடம் வரும் பெண்களில் பெரும்பாலானோர் கதை. கணவருக்குச் சுகர் என்றால் வீட்டில் அவருக்குத் தனிச் சமையல் நடக்கும். மனைவிக்குச் சுகர் என்றால் அவர் எல்லாருக்கும் சமைத்துவிட்டு, கடைசியில் வெறும் மாவுச்சத்தைச் சாப்பிட்டுவிட்டு, மாத்திரை நேரத்தையும் தள்ளிப்போட்டுக்கொண்டு இருப்பார். தயவுசெய்து இதை மாற்றுங்கள். சமைத்து இறக்கியதும் பரிமாறுவதற்கு முன்பே அவருடைய காயை ஒரு டப்பாவில் எடுத்து மூடி வையுங்கள், அதை யாரும் தொடக்கூடாது. அவர் தனக்காக எடுத்து வைக்கத் தயங்குவார், பிள்ளைகள்தான் எடுத்து வைக்க வேண்டும். மாத்திரை போடுகிறவர் பசியோடு மற்றவர் சாப்பிட்டு முடிக்கக் காத்திருக்கவே கூடாது.

தனிச் சமையலும் நாள்பட நிற்காது. சுகர்காரருக்கு ஓட்ஸ், மற்றவர்களுக்குப் பூரி என்றால் எத்தனை நாளைக்கு ஓட்ஸ் தாக்குப்பிடிக்கும்? வீட்டுக்கே ஒரே சமையலாகச் செய்வதற்கு நம் சமையலில் இடம் தாராளமாக இருக்கிறது. கொத்தவரங்காய், பீன்ஸ், வாழைப்பூ இதில் எதிலாவது பருப்பு உசிலி செய்யுங்கள், காயும் பருப்பும் ஒரே வாணலியில் சேர்ந்துவிடும். பருப்பை ஆவியில் வேகவைத்து உதிர்த்துப் போட்டால் எண்ணெய் அதிகம் குடிக்காது. அடைக்கு ஒரு பங்கு அரிசி, இரண்டு பங்கு பருப்பு வகைகள் என்று ஊறவையுங்கள், கொஞ்சம் கொரகொரப்பாக அரையுங்கள். அப்படிச் செய்த இரண்டு அடை பசியைத் தாங்குவதுபோல ஆறு இட்லி தாங்காது. இட்லிதான் வேண்டும் என்றால் மூன்று, கூடவே ஒரு பெரிய கிண்ணம் காய் போட்ட கெட்டிச் சாம்பார், முடிந்தால் ஒரு வேகவைத்த முட்டை. சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், கீரை எல்லாம் கணக்குப் பார்க்காமல் சாப்பிடலாம். உருளை, சேனை, மரவள்ளி, சேப்பங்கிழங்கு வறுவல் இருக்கிற அன்று சோற்றில் ஒரு கரண்டி குறையட்டும். கேரட்டையும் பீட்ரூட்டையும் பார்த்துப் பயப்படாதீர்கள், பொரியலாகச் சாப்பிடும் அளவில் அவை ஒன்றும் செய்யாது. எண்ணெய் ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வாங்கும்போதே கணக்கு வைத்தால் வாணலியில் அளக்க வேண்டியதில்லை. சாயங்காலத்துக்கு பஜ்ஜிக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டலோ ஒரு கொய்யாவோ. பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள், ஜூஸாகப் பிழிந்தால் நாலு பழச் சர்க்கரை ஒரே மடக்கில் போய்விடும்.

எதை முதலில் சாப்பிடுகிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. 2015ல் நியூயார்க்கில் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 11 நீரிழிவு நோயாளிகளுக்கு ஒரே உணவை இரண்டு நாளில் வேறு வேறு வரிசையில் கொடுத்துப் பார்த்தார்கள். காய்கறியும் கோழியும் முதலில், ரொட்டி பிறகு என்று சாப்பிட்ட அன்று ஒரு மணி நேரச் சுகர் மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைவாக இருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் காசு செலவில்லாத விஷயம், யாருக்கும் கெடுதல் இல்லை. கல்யாண வீட்டில் இலை போட்டதும் கூட்டும் பொரியலும்தானே முதலில் வருகின்றன, சோறு வரும்வரை அவற்றைக் காவல் காக்காமல் சாப்பிட்டு முடியுங்கள், மறுபடி கேட்டு வாங்குங்கள். பாயசம் இரண்டு ஸ்பூன் ருசிபார்த்தால் போதும். வீடு வந்ததும் படுக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் அதன் பலன் மீட்டரிலேயே தெரியும்.

மீட்டர் என்றதும் சொல்ல வேண்டியது: காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில் பாதிக் கதைதான் தெரியும். முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள், 180க்குள் இருப்பது நல்லது. ஸ்ட்ரிப் விலை கையைக் கடிக்கும் என்பது தெரியும், அதனால் தினமும் வேண்டாம். ஒரு நாள் ஐந்து இட்லிக்குப் பிறகு, இன்னொரு நாள் மூன்று இட்லி, சாம்பார், முட்டைக்குப் பிறகு என்று இரண்டையும் பார்த்துவிட்டால் அப்புறம் என் ஆலோசனைகூடத் தேவைப்படாது.

இன்னொரு பக்கம் பயமும் ஆபத்துதான். சுகர் ஏறிவிட்டதே என்று ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் அப்படிச் செய்தால் நடுராத்திரியில் சுகர் 70க்குக் கீழே இறங்கி வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். அப்போது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறியதும் ஏதாவது சாப்பிட வேண்டும். வோக்லிபோஸ் என்ற சுகர் மாத்திரையும் எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை உடனே வேலை செய்யாது, குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். ஒரு பாக்கெட் அலமாரியில் இருக்கட்டும், வீட்டில் எல்லாருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே 108க்குக் கூப்பிடுங்கள். சஷ்டி, சனிக்கிழமை விரதம், ரமலான் நோன்பு எதுவானாலும் தொடங்குவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்து மாத்திரை அளவைப் பேசிக்கொள்ளுங்கள். விரதத்துக்குச் சாப்பிடும் ஜவ்வரிசி முழுக்க மாவுச்சத்துதான் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வெந்தயம், பாகற்காய், ஆவாரம்பூ பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். பாகற்காயைக் காயாகச் சமைத்துச் சாப்பிடுங்கள், வெந்தயத்தை ஊறவைத்துச் சாப்பிடுவதிலும் தப்பில்லை, மாத்திரையை நிறுத்திவிட்டு அதை நம்புவதுதான் தப்பு. கண்ணும் சிறுநீரகமும் கெட்ட பிறகு வந்தவர்களைப் பார்க்கிறேன் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். சிறுநீரகம் ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்கள் நான் மேலே சொன்ன பருப்பு, கீரை அளவுகளை அப்படியே எடுக்கக்கூடாது, அவர்களுக்குத் தனிக் கணக்கு.

அப்புறம், டெஸ்டுக்கு முந்தைய மூன்று நாள் மட்டும் பத்தியம் இருந்துவிட்டு வராதீர்கள். ஹெச்பிஏ1சி மூன்று மாதத்தைக் காட்டிவிடும், வெறும் வயிற்றுச் சுகர் மட்டும் குறைவாகத் தெரிந்து டாக்டரையும் குழப்பும். அந்த மூன்று நாளும் வழக்கம்போலவே சாப்பிடுங்கள். வரும்போது வீட்டில் சமைப்பவர் யாரோ அவரையும் கூட்டி வாருங்கள், அவருக்கு நாற்பது வயதைத் தாண்டியிருந்தால் அவருக்கும் அன்றைக்கே ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடலாம்.