அத்தியாவசியப் பணியாளரா, இன்றியமையாப் பணியாளரா?

உள்ளாட்சி மன்றங்களுக்குப் போகும் கோரிக்கை மனுக்களில் ‘அத்தியாவசியப் பணியாளர்’ என்ற தொடர் இப்போது தவறாமல் இடம்பெறுகிறது. குடிநீர் திறந்துவிடுபவர், குப்பை வண்டி ஓட்டுபவர், சாக்கடை அடைப்பு எடுப்பவர், கொசு மருந்து அடிப்பவர் எல்லாரையும் ஒரே சொல்லில் அடக்க அது உதவுகிறது. ஆனால் இந்தச் சொல்லுக்கு ஒரு பழைய சட்டப்பொருள் உண்டு. அது தொழிலாளியின் கையைக் கட்டும் பொருள். மனு எழுதுகிறவர் அதைத் தெரிந்துகொண்டுதான் இந்தச் சொல்லைத் தொடவேண்டும்.

முதலில் பிறப்பு. வசம் என்றால் கட்டுக்குள் இருப்பது. ‘வசப்படுதல்’, ‘என் வசம் இருக்கிறது’ என்பவை நாம் அன்றாடம் சொல்பவைதாம். அதன் எதிர்மறையாகிய அவசியம், நம் விருப்பத்துக்கு வசப்படாதது, தவிர்க்க முடியாதது. அதன்மேல் ‘மிகுதி’ என்று பொருள்படும் ‘அதி’ சேர்ந்து, வடமொழிப் புணர்ச்சியில் ‘அத்யாவச்யக’ என்று ஆகி, தமிழில் ‘அத்தியாவசியம்’ என்று நின்றது. ‘அத்தியாவிசியம்’ என்று எழுதுவது பிழை.

சட்டத் தமிழில் இந்த அடைமொழி மனிதருக்கு முன்பே பண்டங்களுக்கும் பணிகளுக்கும் ஒட்டிக்கொண்டது. 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் அரிசி, பருப்பு, எண்ணெய் போன்றவற்றின் பதுக்கலைத் தடுக்க வந்தது. 1968இல் நடுவண் அரசின் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் வந்தது. எஸ்மா என்று எல்லாரும் அறிந்த பெயர். ஒரு பணியை அத்தியாவசியம் என்று அறிவித்துவிட்டால் அதில் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்ய முடியும். தமிழ்நாடு 2002இல் தனக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரேயடியாகப் பணிநீக்கம் செய்யப்பட்டது அந்தச் சட்டத்தைக் கொண்டுதான். ஆக, இந்தச் சொல் காத்தது பணியை; பணி செய்தவரை அல்ல.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு இதைவிடக் கறாரான வரையறை வைத்திருக்கிறது. தடைப்பட்டால் மக்களின் உயிருக்கோ பாதுகாப்புக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து நேரும் பணிதான் கண்டிப்பான பொருளில் அத்தியாவசியம். மருத்துவமனை, மின்சாரம், குடிநீர், தீயணைப்பு இதில் அடங்கும். குப்பை அள்ளுவது முதல் நாளே இதில் சேராது. நிறுத்தம் நீண்டு நோய் பரவும் நிலை வந்தால் சேரும். வேலைநிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்தினால் அதற்கு ஈடாக நடுநிலையான, விரைவான சமரச ஏற்பாடு தரவேண்டும் என்பதும் அந்த அமைப்பின் நிலைப்பாடு. மனுக்களில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த இரண்டாம் பாதிதான்.

கொரோனாக் காலத்தில் ‘முன்களப் பணியாளர்’ பரவியது. களம் என்பது போர்க்களம். முன்வரிசையில் நிற்பவர் என்ற உருவகம். மதிப்பான சொல்தான், ஆயினும் அதற்கும் உயிர் கொடுத்தது பட்டியலே. 2021 பிப்ரவரியில் தடுப்பூசி முன்னுரிமை பெற்ற முன்களத்தார் பட்டியலில் உள்ளாட்சித் தூய்மைப் பணியாளர்கள் இருந்தார்கள். அதனால் ஊசி கிடைத்தது. பட்டியலில் பெயர் இல்லாதவருக்குப் பட்டத்தால் பயனில்லை.

நல்ல தமிழ் நமக்குப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. ‘இன்றியமையாத’ குறளிலேயே இருக்கிறது. தூது உரைப்பாருக்கு ‘இன்றி யமையாத மூன்று’ என அன்பு, அறிவு, ஆராய்ந்த சொல்வன்மை ஆகியவற்றை 682ஆம் குறள் எண்ணிச் சொல்கிறது. இன்றி + அமையாத: அது இல்லாமல் மற்றது நடவாது. அத்தியாவசியம் தேவையின் அளவைச் சொல்கிறது. இன்றியமையாமை ஒன்றை நம்பி மற்றொன்று நிற்பதைச் சொல்கிறது. மனிதரைக் குறிக்க இரண்டாவதே பொருந்தும் என்பது எங்கள் துணிபு. எழுதும்போது ஒற்றெழுத்தைக் கவனிக்கவும்: ‘இன்றியமையாப் பணியாளர்’ என்றால் ப் மிகும், ‘இன்றியமையாத பணியாளர்’ என்றால் மிகாது.

அடுத்த பாதிச் சொல்லிலும் வலை உண்டு. பணியாளர், ஊழியர், தொழிலாளர், தன்னார்வலர் எல்லாம் பேச்சில் ஒன்றுபோல ஒலிக்கும், சட்டத்தில் ஒன்றல்ல. ஊர்களில் சுகாதாரப் பணி செய்யும் ஆஷா பணியாளர்கள் தன்னார்வலர் என்றே வகைப்படுத்தப்பட்டதால் அவர்கள் பெறுவது ஊதியம் என்ற பெயரில் வருவதில்லை, ஊக்கத்தொகை என்ற பெயரில் வருகிறது. ஆகவே மனுவின் முதல் பத்தியிலேயே ஒரு வரையறை வேண்டும்: “இம்மனுவில் இன்றியமையாப் பணியாளர் என்பது நிரந்தரம், தற்காலிகம், தினக்கூலி, ஒப்பந்தம், சுயஉதவிக் குழு என எவ்வழியில் அமர்த்தப்பட்டாலும், கீழ்க்காணும் பணிகளைச் செய்யும் தொழிலாளரைக் குறிக்கும்.” அதன் கீழே பணிகளை ஒவ்வொன்றாக எழுதவேண்டும். ‘முதலியன’ என்று முடித்தால் விடுபட்டவர் விடுபட்டவர்தான்.

கேட்பதும் அந்த மன்றத்தால் முடிவதாக இருக்கவேண்டும். குறைந்தபட்ச ஊதியத்தை நகராட்சி நிர்ணயிக்க முடியாது. எஸ்மாவை நீக்கவும் முடியாது. அவற்றுக்கு அரசை வலியுறுத்தும் தீர்மானம் மட்டுமே கேட்கலாம். ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகள் மன்றத்தின் கையில் இருப்பவை. ஆள் எண்ணிக்கையை நாட்கூலியாலும் வேலைநாட்களாலும் பெருக்கி, வேலையளிப்பவர் பங்காக வருங்கால வைப்புநிதி 12 விழுக்காடும் தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. 3.25 விழுக்காடும் கூட்டினால் வருகிற தொகைக்குக் கீழே ஒருவர் விலைப்புள்ளி கொடுத்தால், அந்தக் குறைவு கூலியில்தான் கைவைக்கும். அப்படிப்பட்ட புள்ளியை நிராகரிக்கும் விதியைக் கேளுங்கள். வைப்புநிதி செலுத்திய ரசீதை ஆள்வாரியாகக் காட்டாமல் ஒப்பந்ததாரரின் மாதப் பட்டியல் தொகையை விடுவிக்கக் கூடாது என்பதையும் சேருங்கள்.

‘தகுந்த பாதுகாப்பு உபகரணங்கள்’ என்று எழுதினால் ஆண்டுக்கு ஒரு சோடி கையுறை வந்து கணக்கு முடிந்துவிடும். ‘கிழிந்த அன்றே மாற்றுக் கையுறை, அவரவர் காலளவில் காலணி, பெற்றதற்குத் தொழிலாளியின் கையொப்பமுள்ள பதிவேடு’ என்று எழுதினால், தராதபோது கேள்வி கேட்க ஒரு தாள் கையில் இருக்கும்.