கை எடுத்தால் நிற்க வேண்டும்

ஆயுத பூஜைக்கு ட்ரில்லிங் மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். நல்ல வழக்கம். ஆனால் அந்த மெஷினை நம் கைக்கு ஏற்றபடி யோசித்துச் செய்தவர்கள் யார் என்று நான் பயிற்சி கொடுக்கும் வகுப்புகளில் கேட்டால், பெரும்பாலும் பதில் வராது. அவர்கள் பெயரைச் சொல்லிக்கொடுப்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஒரு பாகம் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்தவர், அதை அவ்வளவு சீக்கிரம் கழற்றிப் போட மாட்டார்.

1895-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் வில்ஹெல்ம் எமில் ஃபைனின் நிறுவனம், கையில் தூக்கி வேலை செய்யும் மின் துளைக்கருவியைச் செய்தது. எடை 7.5 கிலோ. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உடம்பின் பலத்தைக் கொடுத்து அழுத்த வேண்டும். அடுத்த பெரிய மாற்றம் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வந்தது. டங்கன் பிளாக், அலோன்சோ டெக்கர் என்ற இரு நண்பர்கள் 1910-இல் அங்கே ஒரு சின்ன பட்டறை போட்டார்கள். கைத்துப்பாக்கியைப் பார்த்து, அதே மாதிரி பிடியும் விரலால் அழுத்தும் ட்ரிக்கரும் ட்ரில்லுக்கு வைத்தார்கள். 1914-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1917-இல் கிடைத்தது.

இதில் பெரிய விஷயம் ட்ரிக்கர்தான். பிடித்த கையை நகர்த்தாமலே மெஷினை ஓட்டலாம், விரலை எடுத்தால் கரண்ட் நின்றுவிடும். கான்கிரீட்டில் துளை போடும்போது பிட் (துளைக்கும் முனை) உள்ளே இருக்கும் கம்பியில் மாட்டினால், பிட் நிற்கும், மெஷின் சுற்றும். மணிக்கட்டு முறுக்கிக்கொள்வது அந்த நொடியில்தான். ட்ரிக்கர் சுதந்திரமாக இருந்தால் விரலை எடுத்ததும் மெஷின் அடங்கும். ட்ரிக்கரை அழுத்தியபடியே நிறுத்தி வைக்கும் லாக் பட்டனைப் போட்டிருந்தால் அடங்காது. லாக் என்பது மெஷினை ஸ்டாண்டில் பூட்டி ஓட்டும்போது பயன்படுவது. ஏணி மேல் நிற்பவருக்கு அது வேண்டவே வேண்டாம். பெயின்ட் கலக்குவதற்காக ட்ரிக்கரைக் கட்டுக்கம்பியால் சுற்றிக் கட்டிய மெஷின்களையும் சைட்டில் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. நூறு வருடத்துக்கு முன்னால் இரண்டு பேர் யோசித்துக் கொடுத்த பாதுகாப்பை ஒரு முழக் கம்பி ரத்து செய்துவிடுகிறது.

அப்புறம் நம்ம ஏஜி ஃபோர், அதாவது வட்ட வீல் சுற்றி அறுக்கவும் தேய்க்கவும் பயன்படும் 4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர். ஆங்கிள் கிரைண்டர் இன்றைய வடிவத்துக்கு வந்ததில் ஜெர்மனியின் ஆக்கர்மன் - ஷ்மிட் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதிவேக ஆங்கிள் கிரைண்டரை 1954-இல் கொண்டுவந்தவர்கள் அவர்கள். 4 இஞ்ச் வீல் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. வீல் உடைந்தால் துண்டு அந்த வேகத்தில்தான் பறக்கும். வீலை மூடியிருக்கும் தகடான கார்டு இருப்பது அதைத் தடுக்கத்தான். 5 இஞ்ச் வீல் போடுவதற்காகக் கார்டைக் கழற்றுகிறார்கள். மரம் அறுக்கும் பல் பிளேடையும் மாட்டுகிறார்கள். அந்தப் பல் மரத்தில் கடித்தால் மெஷின் உங்களை நோக்கித் துள்ளும், நிறுத்த நேரமே இருக்காது. கட்டிங் வீலின் நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் அச்சடித்திருக்கும். மாட்டுவதற்கு முன் படியுங்கள். வீலில் போட்டிருக்கும் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), மெஷினில் உள்ளதைவிடக் குறைவாக இருந்தால் அது வேறு மெஷினுக்கான வீல்.

ஸ்டீவ் காஸ் பெயரையும் சொல்ல வேண்டும். இயற்பியல் படித்த அமெரிக்க வழக்கறிஞர், மர வேலையில் ஆர்வம் உள்ளவர். டேபிள் ரம்பத்தின் பிளேடில் சிறு மின் சிக்னலை ஓடவிட்டு, விரல் பட்டதும் அந்த சிக்னல் மாறுவதைக் கண்டுபிடிக்கும் அமைப்பை 1999-இல் யோசித்தார். விரல் பட்டால் ஒரு அலுமினியத் துண்டு பற்களில் பாய்ந்து, சுமார் 5 மில்லி செகண்டில் பிளேடை நிறுத்திவிடுகிறது. இதை நிரூபிக்கத் தன் விரலையே வைத்துக் காட்டினார். நம் ஊர்ப் பட்டறைகளில் அந்த ரம்பம் அரிது. அதனால் பிளேடுக்கு மேல் மூடி, பின்னால் அறுத்த மரம் பிளேடைக் கவ்வாமல் பிரித்து வைக்கும் பிளவுத்தகடு, தள்ளுவதற்கு ஒரு கட்டை ஆகிய மூன்றும் நம்மிடம் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

கான்ட்ராக்டர்களிடம் ஒரு வேண்டுகோள். கார்டு தொலைந்துபோனது என்று ஆள் சொன்னால் அந்த மெஷினை அன்றைக்கே ஓரமாக வையுங்கள். உங்கள் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டால் டூல்ஸ் கடையில் கார்டு தனியாகவே வாங்கலாம்.