ஸ்ட்ராபெரிக்கு உரம் வாங்கும் முன் மண் வள அட்டை

ஸ்ட்ராபெரிக்குத் தொழுவுரம் மட்டும் போதுமா, யூரியாவும் வேண்டுமா? மண்ணைப் பார்க்காமல் இதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. பார்த்துச் சொல்ல அரசு வைத்திருக்கும் ஏற்பாடுதான் மண் வள அட்டை. 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் இது. கொடைக்கானல், நீலகிரி ஸ்ட்ராபெரி விவசாயிகளும் இதில் பயன்பெறலாம்.

தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை (pH), உப்பின் அளவு, கரிமச் சத்து என 12 விவரங்கள் அட்டையில் இருக்கும். எந்தப் பயிருக்கு எவ்வளவு உரம் என்ற பரிந்துரையும் சேர்ந்து வரும். ஸ்ட்ராபெரி அதில் இல்லையென்றால் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். மண் மாதிரி கொடுக்கும்போதே பயிரின் பெயரைச் சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

மாதிரி எடுப்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் கிடந்த இடம் இவற்றை விட்டுவிடுங்கள். பத்துப் பதினைந்து இடங்களில் 'வி' வடிவக் குழி வெட்டி, மேலிருந்து 15 செ.மீ. ஆழம் வரை மண்ணைச் சுரண்டி எடுத்து, கலந்து, அரைக் கிலோ கொடுத்தால் போதும். ஸ்ட்ராபெரி வேரில் பெரும்பகுதி அந்த ஆழத்துக்குள்தான் இருக்கிறது. மலைச்சரிவில் ஒவ்வொரு படிக்கட்டு நிலத்துக்கும் மண் மாறும், தனித்தனியாக எடுங்கள்.

அட்டை வந்ததும் முதலில் கார அமில நிலையைப் பாருங்கள். 5.5 முதல் 6.5 வரை இருந்தால் ஸ்ட்ராபெரிக்குப் பிடிக்கும். மலை மண் பல இடங்களில் அதைவிடப் புளித்திருக்கும், அதாவது அமிலத்தன்மை கூடி இந்த எண் குறைந்திருக்கும். அப்படியானால் பரிந்துரைத்த அளவு சுண்ணாம்பு இடாமல் மணிச்சத்து உரம் போட்டால், அது மண்ணிலேயே கட்டுண்டுபோகும். அடுத்து உப்பின் அளவு. இந்தச் செடி உப்பைத் தாங்காது. அதனால்தான் சாம்பல் சத்துக்கு, உப்புத்தன்மை கூடிய மியூரியேட் ஆஃப் பொட்டாஷுக்குப் பதில் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் நல்லது.

சரி, கணக்குக்கு வருவோம். நன்கு மக்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து ஏறக்குறைய அரை சதவீதம். ஒரு டன்னில் 5 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையிலோ 20 கிலோவுக்கு மேல். ஆனால் தொழுவுரம் மெதுவாகத்தான் கொடுக்கும், மண்ணைப் பொலபொலப்பாக்கும், ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதை அடியுரமாக இட்டு, பற்றாக்குறையை மட்டும் சிறு சிறு தவணையாக ரசாயன உரத்தில் ஈடுகட்டுவதே என் பார்வையில் சரியான வழி. தழைச்சத்து கூடினால் இலை செழிக்கும், பழம் மெத்தென்றாகிச் சீக்கிரம் அழுகும். மக்காத எருவையும் இட வேண்டாம், வேர்ப்புழுவைக் கொண்டுவரும்.

கடைக்குப் போகும்போது ஆதார் எடுத்துச் செல்லுங்கள். மானிய உரம் கடையிலுள்ள விற்பனை முனையக் கருவியில் (பிஓஎஸ்) பதிந்துதான் தரப்படும். 45 கிலோ வேப்பம் பூச்சு யூரியாவின் விலை 266 ரூபாய் 50 காசு. அதற்கு மேல் கேட்பதும், வேறு பொருளை வாங்கினால்தான் யூரியா என்பதும் விதிமீறல். ரசீது கேட்டு வாங்குங்கள். புகாரை வேளாண் துறையின் உர ஆய்வாளரிடம் கொடுக்கலாம்.

'இயற்கை விளைச்சல்' என்று சான்றுடன் விற்க நினைப்பவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. அங்கே ஒரு பிடி யூரியாவுக்கும் இடமில்லை. குறைந்தது 5 விவசாயிகள் குழுவாகச் சேர்ந்தால், ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்துச் சான்றளிக்கும் பிஜிஎஸ் இந்தியா என்ற அரசு முறையில் பதியலாம். ரசாயனத்திலிருந்து இயற்கை முறைக்கு மாறும் காலம் முடிந்த பிறகே முழுச் சான்று கிடைக்கும் என்பதால், நாற்று வாங்கும் முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள்.