மதிப்பெண்ணுக்கு மருத்துவம் பார்க்கலாமா?

இங்கிலாந்தில் குடும்ப மருத்துவராக வேலை பார்த்த நாட்களில், என் கணினித் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். "ரத்த அழுத்தம் பதியவில்லை", "புகைப்பழக்கம் கேட்கவில்லை" என்று நினைவூட்டிக்கொண்டே இருக்கும். அதில் இருப்பதையெல்லாம் முடித்தால் கிளினிக்குக்குப் புள்ளி, புள்ளிக்குப் பணம். 2004 ஏப்ரலில் பிரிட்டனில் வந்த ஏற்பாடு இது. 146 அளவீடுகள், 1,050 புள்ளிகள். கிளினிக்கின் வருமானத்தில் ஏறக்குறைய கால்பங்கு வரை இதிலிருந்தே வந்தது.

நல்லது நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சர்க்கரை நோயாளி தானாக வரட்டும் என்று காத்திருக்காமல், கடிதம் போட்டும் போன் செய்தும் கூப்பிட ஆரம்பித்தோம். நர்ஸ் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார். மரத்துப்போனதே தெரியாமல் இருந்தவர்களை அப்படித்தான் கண்டுபிடித்தோம். சிகிச்சைத் தரத்தில் ஏழை வட்டாரங்களுக்கும் வசதியான வட்டாரங்களுக்கும் இருந்த இடைவெளியும் சில ஆண்டுகளில் குறைந்தது. இதற்காகவே அந்தத் திட்டத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் ஒரு நாள், கணவரை அடக்கம் செய்து பத்து நாளே ஆன ஒரு பெண்மணி வந்தார். தூக்கம் இல்லை என்றார். ரத்த அழுத்தம் 154 காட்டியது. புள்ளி கிடைப்பதற்கான வரம்பு 150. சற்றுப் பொறுத்து மறுபடி பார்த்தேன், 148. பதிந்தேன், பெட்டி மறைந்தது. ஒதுக்கிய பத்து நிமிடமும் முடிந்திருந்தது. கதவருகே நின்று அவர் சொன்னார்: "ராத்திரியில் அவர் படுத்திருந்த பக்கம் கை போய்க்கொண்டே இருக்கு, டாக்டர்." அதைக் கேட்கத்தான் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். கேட்க நேரம் வைத்திருக்கவில்லை.

48 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்க்க வழி செய்ய வேண்டும் என்று அதே காலத்தில் ஓர் இலக்கும் இருந்தது. சில கிளினிக்குகள் அதற்காக, அடுத்த வாரத்துக்கான முன்பதிவையே நிறுத்திவிட்டன. பழகிய டாக்டரையே பார்க்க நினைத்த முதியவர்கள்தான் அலைந்தார்கள். 2014இல் மறதிநோய் கண்டறிந்தால் ஒரு நோயாளிக்கு 55 பவுண்டு வீதம் கிளினிக்குக்குத் தருவதாகச் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பியது, சில மாதங்களில் அது முடிந்தது. ஸ்காட்லாந்து 2016இல் புள்ளி முறையையே கைவிட்டது.

தடுப்பூசி, பாதப் பரிசோதனை மாதிரி எண்ணிப் பார்க்கக்கூடிய சிலவற்றுக்கு ஊக்கத்தொகை கொடுக்கலாம். அது வருமானத்தில் சிறு பங்காக இருக்கட்டும். மீதி, டாக்டரின் பொறுப்பில் உள்ள மக்களின் எண்ணிக்கையையும் அவர்களின் வயது, நோய்ச்சுமையையும் பார்த்து வரட்டும். கதவருகே நிற்பவரை மறுபடி உட்காரச் சொல்ல அப்போதுதான் டாக்டருக்கு நேரம் இருக்கும்.