கடைசியாச் சாப்பிட்டது எத்தனை மணிக்கு?

"வயித்துல சோறு இருக்கா சார்? அப்ப எத்தனை மணிக்குச் செத்திருப்பாரு?" பிணவறை வாசலில் நிற்கும் ஏட்டு இப்படிக் கேட்பதில் தப்பில்லை. சித்திரை, வைகாசியில் திருநெல்வேலிச் சீமை வெயில் உடற்சூட்டையே தொட்டுவிடுகிறது. உடல் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்க்கும் கணக்கு அப்போது உதவாது. விறைப்பும் சீக்கிரம் வந்து சீக்கிரம் தளர்ந்துவிடும். அதனால்தான் எல்லோரும் இரைப்பையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் இரைப்பை மணி காட்டாது. கடைசிச் சாப்பாட்டுக்கும் சாவுக்கும் இடையே உத்தேசமாக எவ்வளவு நேரம் என்று மட்டுமே சொல்லும். சாப்பிட்ட நேரம் தெரியாவிட்டால் அதுவும் பிரயோசனமில்லை.

இரைப்பையை எடுக்குமுன் மேல்வாயிலும் கீழ்வாயிலும் இரட்டை முடிச்சுப் போட்டு, முடிச்சுகளுக்கு நடுவே வெட்ட வேண்டும். ஒற்றை முடிச்சு நழுவினால் உள்ளிருப்பது ஒழுகி, அளவே பொய்யாகிவிடும். சுத்தமான தட்டில் வைத்து, இரைப்பையின் நீண்ட வெளி ஓரமான பெரிய வளைவு வழியே திறந்து, இருப்பதை அளவு ஜாடியில் ஊற்றி மில்லிலிட்டரில் குறிக்கிறோம். வாடையையும் உட்சுவரின் நிறத்தையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். பூச்சிமருந்து பெரும்பாலும் இங்கேதான் மூக்கில் ஏறும். விஷப் பரிசோதனைக்கு எடுத்துவைத்த பிறகு, சிறு பகுதியை மட்டும் சல்லடையில் அலசினால் போதும். பருக்கை முழுசாக இருக்கிறதா, ஓரம் கரைந்ததா, கூழா? மிளகாய்த்தோல், தக்காளி விதை, கறிவேப்பிலை எல்லாம் லேசில் கரையாது. சோறு உருத்தெரியாமல் போனாலும் ஒரு சொட்டு அயோடினில் மாவுச்சத்து கருநீலமாகும். இதையெல்லாம் விட்டுவிட்டு "பாதி செரித்த உணவு" என்று ஒற்றை வரி எழுதுவது, எழுதாததற்குச் சமம்.

லேசான பலகாரம் 1 முதல் 2 மணி நேரத்திலும், நடுத்தரச் சாப்பாடு 3 முதல் 4 மணியிலும், கனத்த சாப்பாடு 4 முதல் 6 மணியிலும் இரைப்பையைத் தாண்டும் என்பது பொதுக்கணக்கு. கொழுப்பு ஏற ஏறத் தாமதமாகும். இரண்டு இட்லியும், தேங்காய்ப்பால் சொதி ஊற்றிய கல்யாண மறுவீட்டுச் சாப்பாடும் ஒன்றாகுமா?

கணக்கைக் கவிழ்ப்பவை வேறு உண்டு. பயம், கடும் வலி, அதிர்ச்சி, அபின் வகை மருந்துகள், நாள்பட்ட சர்க்கரை நோய் எல்லாமே இரைப்பையை மந்தமாக்கும். தலையில் அடிபட்டு ஒரு நாள் முழுக்க நினைவில்லாமல் கிடந்து இறந்தவர் வயிற்றில்கூடச் சோறு அப்படியே இருப்பதுண்டு. அதைப் பார்த்து "சாப்பிட்டவுடன் சாவு" என்று எழுதினால் குற்றமற்றவர் மாட்டிக்கொள்வார்.

கனடாவில் 1959-இல் அதுதான் நடந்தது. ஒரு சிறுமியின் இரைப்பையை வைத்துச் சாவு இரவு 7.15-க்கும் 7.45-க்கும் இடையே என்று மருத்துவர் அரை மணிக்குள் குறுக்கிவிட்டார். அவளைக் கொன்றதாக 14 வயது ஸ்டீவன் ட்ரஸ்காட்டுக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள்; பிறகு அது ஆயுளாகக் குறைந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரைக் குற்றத்திலிருந்து விடுவித்தது 2007-இல்.

ஆகவே விசாரணைக்குப் போகும் காவலர் முதல் நாளே வீட்டாரிடம் கேட்டு எழுத வேண்டியது: என்ன சாப்பிட்டார், எவ்வளவு, எத்தனை மணிக்கு, கூட யார் சாப்பிட்டது. "ராத்திரி சாப்பிட்டாரு" போதாது. சீரியல் முடிந்த பிறகா, கடைசி பஸ் போன பிறகா என்று கிண்டிக் கேளுங்கள். சாவு வீட்டில் சொந்தக்காரர்கள் முதலில் செய்வது அடுப்படியை ஒதுங்கவைப்பதுதான். பானையில் மிஞ்சியதையும் கழுவாத தட்டையும் அதற்குமுன் படம் எடுத்துவிடுங்கள்.